வேலூர் வானத்துப் பனிப்படிக மேகங்களை அகச்சிவப்பில் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆடி மாதச் சாயங்காலம் ஒன்றில் வேலூர் கோட்டை அகழிக் கரையில் நின்று பத்து நிமிடம் வானத்தைப் பாருங்கள். தாழ்ந்த மேகங்கள் ஆம்பூர்ப் பக்கமிருந்து ஆற்காட்டுப் பக்கம் போகும். அவற்றுக்கு மேலே, பஞ்சைப் பிய்த்துப் போட்டது போன்ற வெள்ளைக் கீற்றுகள் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே நகரும். கீழே இருப்பவை தென்மேற்குப் பருவக்காற்றில் வரும் நீர்த்துளி மேகங்கள். மேலே போகிறவை பனிப்படிகங்கள். வங்காள விரிகுடாவில் எழும் இடிமேகங்களின் உச்சியைச் சீவி, 14 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கிழக்கத்திய வேகக்காற்று இங்கே கொண்டுவந்து பரப்புகிறது. அந்தக் காற்றோட்டத்தை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம்.

அந்தக் கீற்றில் எவ்வளவு பனிக்கட்டி இருக்கிறது, படிகங்கள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு உயரத்தில் மிதக்கின்றன என்பதை இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவை வைத்து வீட்டுக் கணினியிலேயே கணக்கிடலாம். ஒரு விரிதாளும் கொஞ்சம் பைத்தானும் போதும். பிளஸ் டூ இயற்பியல் நினைவில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தை மட்டும் அல்ல. மேகத்தின் வழியாகக் கசிந்து வரும் தரையின் வெப்பத்தையும் சேர்த்துத்தான் அது பார்க்கிறது. அடுப்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ஈர வேட்டியைப் பிடித்தால் முகத்தில் படும் சூடு குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து வேட்டியின் தடிமனைச் சொல்ல வேண்டும் என்றால், வேட்டி இல்லாதபோது அடுப்பு எவ்வளவு சுட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் பாதி உழைப்பு தரைக்குத்தான் போகும். அந்த உழைப்பில் உள்ளூர்க்காரருக்கு ஒரு சாதகம் உண்டு: எந்த மலை மொட்டைப் பாறை, எந்த ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்பது நமக்குத் தெரியும்.

எந்த அலைநீளம், ஏன்

பூமியும் மேகமும் தங்கள் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகின்றன. 8 முதல் 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான அலைநீளப் பகுதியில் காற்று பெரும்பாலும் தடுக்காது. 9.6 மைக்ரான் அருகில் மட்டும் ஓசோன் குறுக்கே வரும். இந்தச் சாளரத்தின் வழியாகத்தான் பார்க்கிறோம்.

சூட்சுமம் பனிக்கட்டியின் குணத்தில் இருக்கிறது. பனிக்கட்டி 8.5 மைக்ரானில் குறைவாக உறிஞ்சும், 11-இல் கூடுதலாக, 12-இல் இன்னும் கூடுதலாக. ஆகவே ஒரே மெல்லிய மேகம் 12 மைக்ரான் கண்ணுக்குத் தடிமனாகவும் 11 மைக்ரான் கண்ணுக்குச் சற்று மெல்லியதாகவும் தெரியும். 12-இல் தரை வெப்பம் குறைவாகக் கசிவதால் மேகம் கூடுதல் குளிர்ச்சியாகத் தோன்றும். இந்த இரண்டு தோற்ற வெப்பநிலைகளின் வித்தியாசம்தான் நம் கருவி. படிகங்கள் சிறியவையாக இருந்தால் வித்தியாசம் பெரிதாகும். படிகம் பெரிதாகிவிட்டால் உள்ளே நுழையும் கதிரை எந்த அலைநீளமாக இருந்தாலும் விழுங்கிவிடும். அப்போது வித்தியாசம் சுருங்கும். இதை வைத்துக் கீற்று மேகத்தின் வெப்பநிலையையும் உமிழ்திறனையும் (தரை வெப்பத்தை மேகம் எவ்வளவு மறைத்துத் தன் வெப்பத்தைக் காட்டுகிறது என்ற பங்கு, 0 முதல் 1 வரை) கணக்கிடும் முறையை ஜப்பானிய ஆய்வாளர் டோஷிரோ இனோவே 1985-இல் வெளியிட்டார். இன்றைய பல முறைகளுக்கு அடிவேர் அதுதான்.

தரவை எடுப்பது

நமக்கு வசதியானது இன்சாட்-3டிஆர். 2016 செப்டம்பர் 8 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 74 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் சேர்ந்துகொண்டது. இவற்றின் படக்கருவியில் ஆறு அலைவரிசைகள் உண்டு. நமக்கு மூன்று போதும்: 10.3 முதல் 11.3 மைக்ரான் வரையிலான டிஐஆர்-1, 11.5 முதல் 12.5 வரையிலான டிஐஆர்-2, 6.5 முதல் 7.1 வரையிலான நீராவி வரிசை. முதல் இரண்டின் பிக்சல் 4 கிலோமீட்டர், நீராவியுடையது 8 கிலோமீட்டர். அரை மணிக்கு ஒரு படம் வரும்.

அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்துகொண்டால் எச்டிஎஃப்5 வடிவக் கோப்புகள் கிடைக்கும். பட உருவில் இருப்பதை எடுக்காதீர்கள். அது பார்க்க மட்டும்தான், அளக்க உதவாது. முதல்நிலைத் தரவு வேண்டும்.

கோப்பின் பெயரில் உள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம். 0900 என்று இருந்தால் அது பிற்பகல் 2.30. நான் முதல் தடவை இதைக் கவனிக்காமல், காலைத் தரை என்று நினைத்து உச்சி வெயில் தரையை வைத்துக் கணக்குப் போட்டேன். மேகமே இல்லாத இடங்களில் எல்லாம் மேகம் முளைத்தது. இரண்டு வாரம் வீணானது.

8.5 மைக்ரான் வரிசை இன்சாட்டில் இல்லை. அது வேண்டுமானால் என்ஓஏஏ-20, என்ஓஏஏ-21 செயற்கைக்கோள்களின் விர்ஸ் கருவிக்குப் போக வேண்டும். பிக்சல் 750 மீட்டர். ஆனால் துருவ வழிச் செயற்கைக்கோள் என்பதால் ஏறக்குறைய நள்ளிரவு 1.30-க்கும் பிற்பகல் 1.30-க்கும்தான் நம் தலைக்கு மேல் வரும்.

எண்ணை வெப்பநிலையாக்குவது

கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 1023 வரை ஓர் எண் இருக்கும். கூடவே அந்த எண்ணுக்கு எந்த வெப்பநிலை என்று சொல்லும் அட்டவணையும் இருக்கும். எண்ணை அட்டவணையில் தேடி எடுத்தால் தோற்ற வெப்பநிலை கெல்வினில் வந்துவிடும். பைத்தானில் ஒரே வரி. சரி, அடுத்தது முக்கியமானது.

வேலூரை வெட்டி எடுப்பது

வேலூர் நகரம் 12.92 வடக்கு, 79.13 கிழக்கு. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி, தெற்கே ஜவ்வாது மலை, கிழக்கே ராணிப்பேட்டை, வடக்கே சித்தூர் வரை அடங்கும்படி 12.3 முதல் 13.6 வடக்கு, 78.4 முதல் 79.8 கிழக்கு என்று ஒரு பெட்டி போடுங்கள். பழைய வட ஆற்காட்டின் பெரும்பகுதி அதில் வந்துவிடும்.

இப்போது ஒரு திருத்தம். இன்சாட்-3டிஆர் நம்மைத் தென்மேற்கிலிருந்து சாய்வாகப் பார்க்கிறது. சாய்வுக் கோணம் சுமார் 16 பாகை. 14 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மேகம், படத்தில் நான்கு கிலோமீட்டர் வடக்கே தள்ளித் தெரியும். கோட்டைக்கு நேர் மேலே நிற்கும் கீற்று, படத்தில் காட்பாடிப் பக்கம் இருக்கும். ஒரு முழு பிக்சல் பிசகு இது. தரையிலிருந்து நீங்கள் பார்த்த மேகத்தோடு படத்தை ஒப்பிடும்போது இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

தரையின் பட்டியல்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். மேகம் இல்லாதிருந்தால் அந்த நேரத்தில், அந்த பிக்சலில் என்ன வெப்பநிலை தெரிந்திருக்கும்? அதுதான் நம் அடிமட்டம்.

ஒரே நேரத்துப் படங்களைத் தொடர்ந்து பதினைந்து, இருபது நாளுக்கு எடுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும் டிஐஆர்-1 வெப்பநிலைகளை வரிசைப்படுத்தி, மேல்முனையில் உள்ள சிலவற்றின் நடுமதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் வந்தால் வெப்பநிலை குறையத்தான் செய்யும் என்பதால் மேல்முனையில் நிற்பவை மேகமற்ற நாட்கள். ஒரே ஒரு அதிகபட்ச மதிப்பை மட்டும் நம்ப வேண்டாம்; கத்திரி வெயிலில் ஒரு நாள் அசாதாரணமாகச் சுட்டிருந்தால் அது மொத்தத்தையும் இழுத்துவிடும். டிஐஆர்-2-க்கும் அதே நாட்களின் மதிப்பை எடுங்கள். வேறு நாட்களைக் கலந்தால் இரண்டு வரிசைக்கும் இடையிலான உறவு கெட்டுப்போகும்.

பிக்சலுக்கு பிக்சல் தனித்தனியாகச் செய்யச் சொல்வதற்குக் காரணம் நம் நிலம். ஜவ்வாது மலை மேலே, காவலூர்ப் பக்கம் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். அது சமவெளியைவிட எப்போதும் குளிர்ச்சி. நகரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சூரியன் மறைந்த பிறகும் விடாமல் சுடும். பாலாற்று மணல் பகலில் கொதித்து இரவில் சீக்கிரம் ஆறும். மொத்தப் பெட்டிக்கும் ஒரே சராசரித் தரை என்று வைத்தால், மலை மேலே எந்நேரமும் ஒரு மெல்லிய மேகம் இருப்பதாகக் கணக்கு சொல்லும். மணலும் சிலிக்கேட் பாறையும் 8.5 மைக்ரானில் குறைவாகவே கதிர் விடும் என்பதையும் விர்ஸ் பயன்படுத்துகிறவர்கள் மறக்கக் கூடாது.

தொடங்குகிறவர்கள் இரவுப் படங்களை எடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் தரை வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும். பகலில் மேகத்தின் நிழலே தரையைக் குளிர்வித்துவிடும். அப்போது நம் அடிமட்டமே ஆட்டம் காணும்.

பனியா, நீரா?

மேகம் தெரிகிறது. அது பனிப்படிகம் தானா? டிஐஆர்-1 வெப்பநிலை மைனஸ் 38 செல்சியஸுக்குக் கீழே, அதாவது சுமார் 235 கெல்வினுக்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தக் குளிரில் நீர்த்துளி திரவமாக நிற்க முடியாது. சிக்கல் மெல்லிய கீற்றுகளில்தான். தரை வெப்பம் கசிவதால் அவை 270 கெல்வின் என்று காட்டும். ஐந்து கிலோமீட்டர் உயர நீர்மேகமும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும்.

இங்கே வித்தியாசத்தைப் பாருங்கள். டிஐஆர்-1-லிருந்து டிஐஆர்-2-ஐக் கழித்தால் மேகமற்ற நாளில் நீராவி காரணமாக ஓரிரு கெல்வின் வரும். அடர்ந்த மேகத்தில் சுழியை ஒட்டி வரும். மெல்லிய பனி மேகத்தில் அது தெளிவாக உயரும். பிக்சல்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் போடுங்கள்: கிடையாக டிஐஆர்-1, நெடுக்காக வித்தியாசம். வலது முனையில் வெறும் தரை, இடது முனையில் அடர்ந்த மேகம், நடுவே வில் போல் வளைந்த புள்ளிக்கூட்டம் தெரிந்தால் அது பனிக்கீற்று. வில் உயரமாக வளைந்தால் படிகம் சிறியது. இந்த வரைபடத்தைப் போடாமல் மேலே போகவே போகாதீர்கள். கணக்கில் எங்கே தவறினாலும் இதில் தெரிந்துவிடும்.

விர்ஸ் இருந்தால் 8.5-லிருந்து 11-ஐக் கழியுங்கள். பனி மேகத்தில் நேர்மறை, நீர் மேகத்தில் பெரும்பாலும் எதிர்மறை.

மேகம் எவ்வளவு குளிர்?

கீற்றின் உண்மை வெப்பநிலையைப் பிடிக்க இரண்டு வழி சொல்கிறேன்.

எளிய வழி: அதே மேகக் கூட்டத்தில் அடர்ந்த பகுதி இருந்தால், அதாவது இடிமேகத்தின் உச்சியிலிருந்து பரந்த கீற்றாக இருந்தால், அந்த அடர்ந்த பகுதியின் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளலாம். கீற்றும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் பரவியிருக்கும்.

இரண்டாவது வழி நீராவி வரிசை. ஒரே உயரத்தில், வெவ்வேறு தடிமனில் உள்ள பிக்சல்களின் டிஐஆர்-1 கதிர் அளவையும் நீராவிக் கதிர் அளவையும் வரைந்தால் அவை நேர்கோட்டில் விழும். முற்றிலும் அடர்ந்த மேகம் ஒவ்வொரு உயரத்திலும் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு வரும் வளைகோட்டை அந்த நேர்கோடு குளிர்ந்த பக்கத்தில் வெட்டும் இடமே மேக வெப்பநிலை. அந்த வளைகோட்டுக்குக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் வேண்டும். மீனம்பாக்கத்தில் காலை 5.30, மாலை 5.30 கணக்கில் விடப்படும் வானிலை பலூனின் தரவு அதற்குப் போதும். அதே பலூன் அட்டவணையில் வெப்பநிலையைத் தேடினால் உயரமும் வந்துவிடும்.

உமிழ்திறன்: ஒரு முழுக் கணக்கு

வெப்பநிலைகளை நேரடியாகக் கழிக்கக் கூடாது. முதலில் கதிர் அளவாக மாற்ற வேண்டும். பிளாங்க் சூத்திரத்தைச் சொல்லில் எழுதுகிறேன். 11.91 கோடியை மைக்ரானில் உள்ள அலைநீளத்தின் ஐந்தாம் அடுக்கால் வகுக்கவும். தனியே, 14,388-ஐ அலைநீளம், கெல்வின் வெப்பநிலை இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, 2.71828-ஐ அந்த அளவுக்கு அடுக்கேற்றி, 1 கழிக்கவும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் கதிர் அளவு.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. மேகமற்ற தரை டிஐஆர்-1-இல் 295 கெல்வின், டிஐஆர்-2-இல் 293. மேக வெப்பநிலை 220. நாம் பார்க்கும் பிக்சல் டிஐஆர்-1-இல் 270, டிஐஆர்-2-இல் 265. அலைநீளங்களை 10.8, 12.0 என்று வைப்போம்.

டிஐஆர்-1-இன் கதிர் அளவுகள்: தரை 8.96, மேகம் 1.91, பிக்சல் 5.88. தரையிலிருந்து பிக்சல் குறைந்தது 3.08. முழுக்க மூடியிருந்தால் 7.05 குறைந்திருக்கும். வகுத்தால் உமிழ்திறன் 0.44. டிஐஆர்-2-இல் தரை 8.13, மேகம் 2.07, பிக்சல் 5.25; உமிழ்திறன் 0.48.

அப்புறம், 1-லிருந்து உமிழ்திறனைக் கழித்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் உறிஞ்சலின் ஒளியியல் தடிமன், அதாவது மேகம் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்ற அளவு. டிஐஆர்-1-க்கு 0.57, டிஐஆர்-2-க்கு 0.65. சாய்வாகப் பார்ப்பதைத் திருத்த 16 பாகையின் கொசைன், 0.96-ஆல் பெருக்குங்கள். டிஐஆர்-1 தடிமன் 0.55 ஆகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தடிமன் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு, 1.1. நிலவு மங்கலாக, ஆனால் வட்டம் தெளிவாகத் தெரியும் அளவு மேகம் இது.

படிக அளவும் பனியின் எடையும்

டிஐஆர்-2 தடிமனை டிஐஆர்-1 தடிமனால் வகுத்தால் வரும் எண்ணைப் பீட்டா என்பார்கள். இங்கே 1.12. பீட்டா 1-ஐ நெருங்கினால் பெரிய படிகங்கள், ஏற ஏறச் சிறிய படிகங்கள். எந்தப் பீட்டாவுக்கு எத்தனை மைக்ரான் என்பது படிகத்தின் வடிவத்தைப் பொறுத்தது: அறுகோணத் தூணா, தட்டா, பல ஊசிகள் சேர்ந்த கொத்தா என்று. டெக்சாஸில் பிங் யாங் குழுவினர் இதற்கான ஒளிச்சிதறல் அட்டவணைகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஒரே வடிவத்தை நம்பாமல் இரண்டு மூன்று வடிவங்களுக்குக் கணக்கிட்டு, வரும் எல்லையைக் குறித்துவையுங்கள். பயனுறு விட்டம், அதாவது பல அளவுப் படிகங்களுக்கும் சேர்த்துச் சொல்லும் ஒரு சராசரி விட்டம், 100 மைக்ரானைத் தாண்டினால் இந்த முறை பெரிய படிகங்களைப் பிரித்துச் சொல்லாது. அங்கே "பெரியது" என்று எழுதினால் போதும்.

அட்டவணையில் பயனுறு விட்டம் 40 மைக்ரான் என்று வந்ததாக வைப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே நிற்கும் பனிக்கட்டியின் எடை வேண்டும். பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. அதை 1.1 தடிமனாலும் 0.00004 மீட்டராலும் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 0.0134 கிலோ, சுமார் 13 கிராம். ஒரு கைப்பிடி அரிசிகூட இல்லை. ஆனால் 4 கிலோமீட்டர் பிக்சல் ஒன்றின் மேல் மொத்தம் 200 டன்னுக்கு மேல். இந்த எண்ணை முதல் தடவை போட்டுப் பார்த்தபோது நான் வெளியே போய் மறுபடி வானத்தைப் பார்த்தேன்.

பிழையைத் தெரிந்துகொள்வது

இதே கணக்கை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். மேகம் 220 அல்ல, 230 கெல்வின் என்று வைத்தால் டிஐஆர்-1 உமிழ்திறன் 0.48, தடிமன் 0.65, பீட்டா 1.15 ஆகிவிடும். தரை 295 அல்ல, 298 என்று வைத்தால் உமிழ்திறன் 0.47, தடிமன் 0.63. தரையில் வெறும் மூன்று கெல்வின் பிசகு, தடிமனில் பத்து சதவீதம். மெல்லிய மேகத்தில் இந்தப் பிசகு இன்னும் பூதாகரமாகும். அதனால்தான் தரைப் பட்டியலுக்கு அவ்வளவு நேரம் கேட்டேன். இப்படி ஒவ்வொரு உள்ளீட்டையும் அசைத்து, விடை எங்கிருந்து எங்குவரை ஆடுகிறது என்பதை எழுதாத எந்த முடிவையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

உமிழ்திறன் 0.95-க்கு மேல் போனால் தடிமனைச் சொல்ல முடியாது. தரை வெப்பமே கசியவில்லை என்று அர்த்தம். 0.1-க்குக் கீழே போனால் படிக அளவை நம்ப வேண்டாம்.

சரிபார்க்க எங்கே போவது

லேசர் ஒளியை அனுப்பி மேகத்தின் அடியையும் உச்சியையும் அளக்கும் லிடார்தான் நல்ல நீதிபதி. 2006 ஏப்ரலில் ஏவப்பட்ட காலிப்ஸோ 2023 வரை அதைச் செய்தது. அதே செயற்கைக்கோளில் 8.65, 10.6, 12.05 மைக்ரானில் பார்க்கும் அகச்சிவப்புக் கருவியும் இருந்ததால், அதன் பழைய தரவு நமக்கு நல்ல பயிற்சிக் களம். 2024 மே மாதம் முதல் லிடார் ஏந்திய எர்த்கேர் செயற்கைக்கோள் விண்ணில் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயும் ஒன்று உண்டு. திருப்பதி அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 1998 முதல் லிடார் வைத்துக் கீற்று மேகங்களை ஆராய்கிறார்கள். வேலூருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நேர்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். அங்கிருந்து வந்த ஆய்வுகள் சொல்லும் உயரங்களோடு உங்கள் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. நிலவைச் சுற்றிப் பரிவேடம் கட்டியிருக்கும் இரவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையிலான அளவு, சுமார் 22 பாகை ஆரத்தில் வட்டம் இருந்தால், மேலே இருப்பவை அறுகோணப் பனிப்படிகங்கள். "அகல்வட்டம் பகல்மழை" என்று நம்மவர்கள் கவனித்தது இந்தப் படிகங்களைத்தான். அந்த இரவின் வரைபடத்தில் வில் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதிர்த்திசையில் ஒரு பதிவும் தேவை. ஒளியியல் தடிமன் 0.03-க்கும் கீழே உள்ள கீற்றுகள் தலைக்கு மேலே கண்ணுக்கே தெரியாது. சூரியன் மறைந்த சில நிமிடங்களில், மேற்கு வானத்தில் மட்டும், சிவந்த மெல்லிய வரிகளாகச் சில சமயம் தென்படும். காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திர ஒளியை அளப்பவர்களுக்கு அவை பெரிய தொந்தரவு. இன்சாட் படத்தில் அவை ஒரு கெல்வின்கூடக் குறைக்காது; நம் தரைப் பட்டியலின் பிசகுக்குள்ளேயே மூழ்கிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் வாய்த்தால் நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதுங்கள். கணக்கில் அந்த நாளுக்குச் சுழிதான் வரும். அதைத் திருத்தாமல் பக்கத்தில் "கீற்று இருந்தது" என்று மட்டும் எழுதி வையுங்கள்.